அடுப்பும் அக்கினி மூலையும்

கடவுளைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் எழுத வேண்டிய பத்திரிகை அடுப்பைப் பற்றி எழுதுவானேன் என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். அதற்கு நாம் சொல்லும் பதிலாவது: கடவுள், ஜாதி, சாஸ்திரம், சகுனம், ஆண் ஆதிக்கம் ஆகிய ஐந்தும் கோயிலில் இருப்பதைவிட அதிகமாக நம் வீட்டு அடுப்படியில்தான் குடியிருக்கின்றன. கோயிலுக்கு வாரத்தில் ஒரு நாள் போகிறவன்கூட அடுப்படிச் சோற்றைத் தினம் மூன்று வேளை தின்கிறான். அந்தச் சோறு எந்த அடுப்பில் வெந்தது, அந்த அடுப்பை யார் தேர்ந்தெடுத்தார்கள், அது எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று யார் உத்தரவு போட்டார்கள் என்பதை அவன் ஒரு நாளும் யோசித்துப் பார்ப்பதில்லை. ஏன் யோசிப்பதில்லை என்றால், அந்த அடுப்பின் முன் வேகிறவன் அவனல்ல.

ஆகவே புது வீடு கட்டுகிறவர்களும், பழைய அடுப்பை மாற்ற நினைக்கிறவர்களும், கலியாணத்திற்கு அடுப்பு வாங்கித் தருகிறவர்களும் கவனிக்க வேண்டிய சில விஷயங்களைப் பகுத்தறிவைக் கொண்டு இங்கே ஆராயப் புகுகின்றோம்.

புகையின் கணக்கு

நமது பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் இன்று கேஸ் அடுப்பு இல்லாத தெரு இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தால், தாழ்வாரத்தில் மண் அடுப்பு புகைந்துகொண்டிருப்பதையும் காணலாம். வேப்பந்தட்டை, குன்னம் பக்கத்தில் பருத்திமாரும் மக்காச்சோளக் கட்டையும். ஆண்டிமடம், செந்துறை பக்கத்தில் முந்திரிக் கழியும் சருகும். எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேல முள். காசு கொடுத்து வாங்காத விறகு ஆகையால் இது சும்மா கிடைப்பது என்று ஆண்மக்கள் கணக்குப் போடுகிறார்கள்.

சும்மா கிடைக்கிறதா என்று பார்ப்போம். முள் வெட்டி, கட்டி, தலையில் சுமந்து, காய வைத்து, ஒடித்து அடுப்பில் வைக்க ஒரு பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், வருஷத்திற்கு 365 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலை என்று கொண்டால் 45 நாள் கூலிக்கு மேல் ஆகிறது. உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவோ அதைக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். அவளுடைய நேரத்துக்கு விலை இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் விறகு சும்மா ஆகும். அப்படி வைத்துக்கொள்ளுவதற்குப் பெயர்தான் அடிமைத்தனம்.

இனி உடம்பின் கணக்கு. வீட்டுக்குள் விறகு, வறட்டி, கரி முதலியவற்றை எரிப்பதனால் உண்டாகும் புகையினால் 2020ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நெஞ்சடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய், குழந்தைகளுக்கு வரும் நிமோனியாக் காய்ச்சல் ஆகிய இவையெல்லாம் அதில் அடக்கம். நமது கிராமத்தில் ஐம்பது வயதுக் கிழவி இருமினால் “விதி” என்கிறார்கள். கண் மங்கினால் “பூர்வ ஜென்மப் பாவம்” என்கிறார்கள். முப்பது வருஷம் ஊதாங்குழலில் வாய் வைத்து ஊதினாளே, அந்தப் புகை எங்கே போயிற்று என்று ஒருவனும் கேட்பதில்லை. விதிக்கும் பூர்வ ஜென்மத்துக்கும் அத்தாட்சி இல்லை. புகைக்கு அத்தாட்சி அடுப்படிச் சுவரிலும் கூரையிலும் கறுப்பாகப் படிந்திருக்கிறது.

சர்க்கார் கொடுத்த அடுப்புகள்

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 1983ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் புகையில்லா அடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, தேசமெங்கும் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளைக் கட்டிற்று. 2002இல் அத்திட்டம் நின்று போயிற்று. கட்டிய அடுப்புகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே நின்று போயின. காரணம் என்ன? புகைபோக்கி அடைத்துக்கொண்டது, வெடித்த இடத்தைப் பூச ஆள் இல்லை, அடுப்பு வாய் சிறியது, நீள விறகு நுழையவில்லை, பானை அளவு ஒன்று, அடுப்புக் கண் அளவு ஒன்று. இவையெல்லாம் சமைக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கேட்டார்களில்லை. கணக்கில் அடுப்பு ஏறிற்று. வீட்டில் புகை இறங்கவில்லை.

பிறகு 2006இல் பதவிக்கு வந்த தி.மு.க. சர்க்கார் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. 2016ஆம் வருஷம் மே மாதம் மத்திய சர்க்கார் உஜ்வலா என்னும் திட்டத்தைப் பெண்களின் பெயரிலேயே இணைப்புக் கிடைக்கும்படி தொடங்கிற்று. இவை மெய்யாகவே பெரிய காரியங்கள். ஆனால் அடுப்பு இலவசமாய் வந்ததே ஒழிய, சிலிண்டர் தீர்ந்தபின் வாங்கும் காசு பெண்ணின் கையில் இல்லை. அது புருஷன் சட்டைப் பையில் இருக்கிறது. புருஷனுக்குச் சாராயத்துக்கும் செல்போனுக்கும் காசு இருக்கும்; சிலிண்டருக்கு மட்டும் “முள்ளுதான் இருக்கே” என்பான்.

இதைக் குறித்து விஞ்ஞானிகள் செய்த ஒரு பெரிய சோதனையைச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு, கவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாலு இடங்களில் 2018 முதல் சில வருஷங்கள், விறகில் சமைத்துவந்த சுமார் 3,200 கர்ப்பிணிப் பெண்களை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வீடு தேடிச் சென்று இலவசமாகக் கொடுத்தார்கள். விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் நடந்த இவ்வேலையைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நடத்தினார்கள். விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த காற்றில் கனமீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம் நுண்தூசி இருக்க, கேஸ் பெற்றவர்கள் சுவாசித்ததில் 24தான் இருந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில், எதிர்பார்த்த வித்தியாசம் காணப்படவில்லை என்றும் 2022இல் அவர்களே வெளியிட்டுவிட்டார்கள். இரண்டையும் ஏன் சொல்லுகிறோம் என்றால், பகுத்தறிவு என்பது நமக்குச் சாதகமானதை மாத்திரம் சொல்லுவதல்ல. வாஸ்துக்காரன் தன் ஜோசியம் பொய்த்ததை என்றைக்காவது அச்சுப் போட்டு வெளியிட்டிருக்கிறானா? இதுதான் விஞ்ஞானத்துக்கும் புரட்டுக்கும் உள்ள வித்தியாசம். மேலும், சிலிண்டர் தட்டில்லாமல் வீட்டுக்கு வந்தபோது பெண்கள் விறகைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதும் அதில் விளங்கிவிட்டது. “நம்ம பொம்பளைங்களுக்கு மண் அடுப்புச் சோறுதான் பிடிக்கும்” என்று ஆண்கள் சொல்லிவந்த சமாதானம் இதோடு தீர்ந்தது.

அக்கினி மூலை

இனி வாஸ்து என்னும் புரட்டுக்கு வருவோம். முன்னெல்லாம் மாளிகை கட்டுகிறவனுக்கு இருந்த இந்த வியாதி, இப்போது இரண்டு சென்டு மனையில் வீடு கட்டுகிறவனையும் பிடித்துக்கொண்டது. தென்கிழக்கு மூலை அக்கினி பகவானுடையதாம். அடுப்பு அங்கேதான் இருக்க வேண்டுமாம். சமைக்கிறவள் கிழக்கே பார்த்து நிற்க வேண்டுமாம். மாறினால் வீட்டுக்காரிக்கு நோய் வருமாம். காற்றோட்டம் இல்லாத மூலையில் நிறுத்தினால் வரும் நோயைப் பற்றி மட்டும் சாஸ்திரத்தில் ஒரு வரியும் காணோம்.

படித்தவர்கள் சிலர் இதற்கு விஞ்ஞான வேஷம் போட்டு, “காற்று வீசும் திசையை அறிந்து பெரியோர்கள் வைத்தது” என்று சொல்லுகிறார்கள். நம் பக்கத்தில் ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்தும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்தும் காற்று வருகிறது. காற்று வருஷத்தில் இரண்டு தரம் திசை மாறுகிறது. அக்கினி பகவான் மட்டும் ஏன் ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கிறார்? தவிரவும், உங்கள் தென்கிழக்கில் பக்கத்து வீட்டுச் சுவர் இருந்தால் எந்தக் காற்று வரும்?

இன்னும் கேட்போம். அரியலூர்ப் பூமி சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் கடலாக இருந்தது. அதற்குச் சாட்சியான கடல்ஜந்துக்களின் கல்லுருவங்களை வாரணவாசிக் காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புக் கல்லில் செய்த சிமெண்டைக் கொண்டுதான் நீங்கள் சமையல் மேடை கட்டுகிறீர்கள். கடலாயிருந்த காலத்தில் அக்கினி மூலை எங்கே இருந்தது? அதே ஜில்லாவில் கங்கைகொண்ட சோழபுரத்தில், சாஸ்திரம் தெரிந்த ஸ்தபதிகளுக்கும் நாள் குறிக்கும் பிராமணர்களுக்கும் குறைவில்லாத காலத்தில், ராஜேந்திர சோழன் அரண்மனை கட்டினான். இன்று மாளிகைமேட்டில் போய்ப் பாருங்கள். செங்கல் அஸ்திவாரம்தான் மிச்சம். சக்கரவர்த்தியின் அரண்மனையைக் காப்பாற்றாத மூலை, உங்கள் பத்துக்குப் பத்து அறையையா காப்பாற்றப் போகிறது?

வைதீகர்களைச் சொல்லி என்ன பயன்? நம்முடைய தோழர்களிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது. பெரம்பலூரில் ஒரு தோழர் புது வீட்டுத் திறப்பை ஐயர், ஹோமம், பால் காய்ச்சுதல் ஒன்றும் இல்லாமல் மிக்க ஆடம்பரமான பிரசங்கங்களோடு நடத்தினார். நாமும் போயிருந்தோம். சமையலறையோ தென்கிழக்கு மூலையில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி, ஜன்னல் திறந்தால் ஒரு சாண்கூட இடைவெளி இல்லாமல் இருந்தது. வடபுறம் சந்தும் வெளிச்சமும் தாராளமாய் இருந்தன. ஏன் இப்படி என்று கேட்டதற்குக் “கொத்தனார் வழக்கப்படி போட்டுவிட்டார்” என்றார். அவர் மனைவியார் நம்மிடம் சொன்னது இது: “அண்ணே, ஐயரைத்தான் கூப்பிடலை. அவர் சொல்ற மூலையைக் கூப்பிட்டு உக்கார வச்சிட்டாங்க. வேகுறது நான்தானே.” அன்று மேடையில் பேசிய எல்லோருடைய பேச்சையும்விட அந்த அம்மையார் பேச்சில்தான் சுயமரியாதை இருந்தது என்று நாம் சொல்லுவோம்.

பார்த்து வாங்குவது எப்படி?

சரி, மூலையையும் முகூர்த்தத்தையும் தள்ளிவிட்டால் எதைக் கொண்டு அடுப்பைத் தேர்ந்தெடுப்பது? முறையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, காற்று. வெளிக்காற்று நேரே வரும் சுவர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அடுப்பை வையுங்கள். கேஸ் அடுப்பில் புகை இல்லை என்பதற்காக ஜன்னலை அடைக்கக் கூடாது. கேஸ் எரியும்போதும் கண்ணுக்குத் தெரியாத கெட்ட வாயுக்கள் உண்டாகின்றன. தாளிப்பு வேறு இருக்கிறது. ஜன்னலும், மேலே ஒரு புகைபோக்கி விசிறியும் அவசியம். ஆனால் ஜன்னல் காற்று நேரே பர்னரில் அடித்து நெருப்பை அணைக்காதபடி ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும்.

இரண்டாவது, உயரம். கொத்தனார்கள் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் மேடை போட்டுவிடுகிறார்கள். அதன் மேல் நாலைந்து அங்குல உயரமுள்ள கேஸ் அடுப்பு. அதன் மேல் இட்லிப் பானை. ஐந்தடிப் பெண் தோளுக்கு மேல் கையைத் தூக்கிக் கொதிக்கும் பானையை இறக்குகிறாள். இது சமையலா, சர்க்கஸா? மேடை கட்டுமுன் சமைக்கிறவரை நிறுத்தி முழங்கை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அடுப்பின் மேல்தட்டு முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருக்கும்படி, அடுப்பின் உயரத்தையும் கழித்துக்கொண்டு, மேடையைத் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள். வீட்டில் ஆணும் சமைக்கிறவனாயிருந்தால் இருவருக்கும் நடுவான உயரம் வையுங்கள்.

மூன்றாவது, மேடைமேல் வைக்கும் அடுப்பா, கல்லை வெட்டிப் பதிக்கும் ஹாப் என்னும் அடுப்பா? பதிக்கும் அடுப்பு தாழ இருக்கும், துடைக்கச் சுலபம், பார்வைக்கும் அழகு. ஆனால் ஒரு கம்பெனி அடுப்புக்கு வெட்டிய குழியில் இன்னொரு கம்பெனி அடுப்பு உட்காராது. கெட்டுப்போனால் பழுது பார்க்கிறவன் வீட்டுக்கு வர வேண்டும். பட்டணத்தில் வருவான், செந்துறைக்கும் திருமானூருக்கும் எத்தனை நாளில் வருவான் என்று வாங்கும் முன்னே கடைக்காரனைக் கேளுங்கள். சாதாரண அடுப்பை சைக்கிளில் கட்டிக் கடைக்குக் கொண்டு போய்விடலாம். ஆகையால் கிராமத்தில் இருப்பவர்கள் அடுத்த வீட்டைப் பார்த்து ஹாப் பதிக்க வேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம்.

நாலாவது, பர்னரும் தட்டும். எத்தனை பர்னர் என்பதைவிட, இரண்டு பெரிய பாத்திரம் ஒரே சமயத்தில் இடிக்காமல் உட்காருமா என்பதே கேள்வி. நெருக்கிவைத்த நாலு பர்னரைவிட விலகியிருக்கும் இரண்டு மேல். வீட்டிலிருக்கும் குண்டானையும் தோசைக் கல்லையும் கடைக்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. கண்ணாடித் தட்டு அழகுதான். ஆனால் கனமான பானை நழுவினாலும், சூட்டில் பச்சைத் தண்ணீர் கொட்டினாலும் உடையக் கூடும். எவர்சில்வர் தட்டு அடிபட்டு நெளியும்; உடையாது. எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அந்த முத்திரை பெற, எரிகிற கேஸின் சூட்டில் 68 சதவிகிதமாவது பாத்திரத்தில் ஏற வேண்டும் என்பது விதி. மூன்று கல் அடுப்பில் விறகின் சூடு பத்துப் பதினைந்து சதவிகிதம்தான் பாத்திரத்தில் ஏறுகிறது. மற்றது சமைக்கிறவள் முகத்தில் ஏறுகிறது.

ஐந்தாவது, பத்திரம். பால் பொங்கினால் லட்சுமி வருவாள் என்கிறார்கள். கேஸ் அடுப்பில் பால் பொங்கினால் நெருப்பு அணைந்து கேஸ்தான் வருகிறது. நெருப்பு அணைந்தால் தானே கேஸை நிறுத்திக்கொள்ளும் கருவி சில அடுப்புகளில் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகையால் சிலிண்டரை மேடைக்கடியில் அலமாரிக்குள் வைத்தால் கதவின் அடிப்பக்கத்தில் துவாரம் இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க, அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்குள் மாற்றிவிட வேண்டும். கேஸ் நாற்றம் அடித்தால் விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

புதுச் சிலிண்டர் வந்ததும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அந்தத் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். குங்குமம் வைக்கும் அந்தக் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஒரு வருஷ எண்ணும் போட்டிருக்கும். ‘ஏ’ என்றால் மார்ச்சு வரை, ‘பி’ என்றால் ஜூன் வரை, ‘சி’ என்றால் செப்டம்பர் வரை, ‘டி’ என்றால் டிசம்பர் வரை. அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. குங்குமத்தால் அந்த எழுத்தை மறைக்காதீர்கள், அதைப் படியுங்கள். உங்களைக் காப்பாற்றப் போவது அந்த எழுத்துத்தான்.

மின்சார அடுப்பைப் பற்றிச் சொன்னால், இண்டக்ஷன் அடுப்பில் சூடு வீணாவது குறைவு, நெருப்பும் இல்லை. ஆனால் அடி தட்டையாயும், காந்தம் ஒட்டுவதாயும் உள்ள பாத்திரம் வேண்டும். அலுமினியக் குண்டானும் மண் சட்டியும் அதில் ஆகா. 2,000 வாட் அடுப்பு அரை மணி எரிந்தால் ஒரு யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைத்து வந்திருக்கிறது; எனினும் விசிறிக்கும் விளக்குக்கும் போக மிச்சத்தைத்தான் கணக்கிட வேண்டும். பழைய மெல்லிய கம்பியில் இதை மாட்டாமல், தனிக் கம்பியும் பெரிய பிளக்கும் போட வேண்டும். கேஸ் தீர்ந்த நாளில் முள் வெட்டப் போகாமலிருக்க, இது ஒன்று இருப்பது நல்லதே.

ஓவன் என்னும் பெட்டியடுப்பு இட்லிக்கும் களிக்கும் குழம்புக்கும் தேவையில்லை. ரொட்டியோ கேழ்வரகு பிஸ்கோத்தோ சுட்டு விற்று நாலு காசு தன் கையில் காணவேண்டும் என்று ஒரு பெண் நினைத்தால், அப்போது அதுதான் வீட்டில் முதலில் வாங்க வேண்டிய சாமான். அதை வாங்கித் தராமல் புருஷன் மோட்டார் சைக்கிள் மாற்றுவது அயோக்கியத்தனம்.

அடுப்பு யாருடையது?

இவ்வளவும் சொன்னபின் மூலவிஷயத்துக்கு வருவோம். அடுப்பைத் தேர்ந்தெடுக்கிறவன் ஆண், காசு கொடுக்கிறவன் ஆண், மூலை சொல்லுகிறவன் ஆண், வேகிறவள் மட்டும் பெண் என்றால், எவ்வளவு உயர்ந்த அடுப்பு வாங்கினாலும் அது சிறைச்சாலைக்கு வெள்ளை அடித்த கதைதான். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை அறுபது வருஷம் ஆயிற்று. அடுப்புரிமைக்குச் சட்டசபை வேண்டியதில்லை. இன்று சாயங்காலமே கொடுத்துவிடலாம்.

மாதவிலக்கான பெண் மூன்று நாள் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது என்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. தீட்டில் நம்பிக்கையுள்ள அந்தப் புருஷன் அந்த மூன்று நாளாவது கரண்டி பிடிக்கிறானா என்றால் இல்லை. பள்ளிக்கூடம் போகிற மகளைப் பிடித்து அடுப்பில் நிறுத்துகிறான். அடுப்படியில் ஜாதிக்கும் இடம் இருக்கிறது. 1924, 25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துத் தமிழ்நாடே கொதித்தது. ஆனால் 2018இல் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் பள்ளியில், ஆதி திராவிடப் பெண் சமைக்கக் கூடாது என்று கலகம் செய்தார்கள். அங்கே கலகம் செய்தவர்கள் பார்ப்பனர்கள் அல்லர் என்பதை நம்மவர்கள் வெட்கத்தோடு நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஊருக்குப் பொது அடுப்பு வந்தால் இந்த இரண்டு விலங்கும் ஒரே அடியில் தளரும். 1956இல் காமராஜர் காலத்தில் பள்ளிகளில் பரவத் தொடங்கிய மதிய உணவும், 2022இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் பசியை மாத்திரம் தீர்க்கவில்லை. பொழுது விடியுமுன் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்த எத்தனையோ கூலிக்காரத் தாய்மாருக்கு ஒரு மணி நேரத்தை மீட்டுக் கொடுத்தன. எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒரு பானைச் சோற்றைத் தின்னச் செய்தன.

ஆகவே தோழர்களே! அடுப்பு வாங்கக் கடைக்குப் போகும்போது பஞ்சாங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, சமைக்கிறவரை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் சொல்லுகிற உயரத்தில், அவர் சொல்லுகிற ஜன்னலோரத்தில், அவர் பிடித்துத் திருகிப் பார்த்து ஒப்புக்கொண்ட அடுப்பை வையுங்கள். சிலிண்டர் காசை மாதம் பிறந்தவுடன் அவர் கையில் கொடுங்கள். வாங்கிய முதல் நாள் பால் காய்ச்ச நல்ல நேரம் பார்க்க வேண்டாம். வீட்டு ஆண்மகன் அந்த அடுப்பில் முதல் உலை வைத்துச் சோறு வடிக்கட்டும். கஞ்சி கையில் பட்டால்தான் இத்தனை காலம் மற்றவர் கை என்ன பாடு பட்டது என்பது விளங்கும்.